மொத்தமாக வாங்கும் பருப்புகளும் வித்துக்களும்

பழைய டில்லியில் பதேபூரி மசூதியை ஒட்டிச் செல்லும் கடைத்தெருவுக்குக் காரி பாவ்லி என்று பெயர். உவர்நீர்ப் படிக்கிணறு என்பது அதன் பொருள். கிணறு மறைந்துவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. மிளகாய் நெடி தொண்டையைக் கமறச் செய்யும் அத்தெருவில், வாதுமையும் அக்ரூட்டும் முந்திரியும் பிஸ்தாவும் மூட்டை மூட்டையாக வாய் திறந்து நிற்கும் காட்சி கண்ணைக் கவர்வதாகும். டில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து ஒன்றுகூடி, அங்கிருந்து மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக் கொள்வதுண்டு. எங்கள் குடியிருப்பிலும் அவ்வழக்கம் இருக்கிறது. விலை குறைவு என்பது ஒன்று. உடலுக்கு நல்லது என்பது மற்றொன்று.

உடலுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை மிகுந்ததே சத்து மிகுந்தது என்று நம்மவர் எண்ணுவது சரியன்று. நூறு கிராம் வாதுமைப் பருப்பில் ஏறத்தாழ 21 கிராம் புரதம் உண்டு. அதே எடையுள்ள நிலக்கடலையிலோ 25 கிராம் அளவுக்கு இருக்கிறது. ஏழையின் பண்டம் என்று நாம் ஒதுக்கும் கடலை இவ்வகையில் சிறிதும் தாழ்ந்ததன்று. தோல் நீக்காத எள்ளில் சுண்ணாம்புச் சத்து நிறைந்துள்ளது. வெள்ளை வெளேரென்று தோலுரித்து விற்கும் எள்ளில் அதன் பெரும்பகுதி தோலோடு போய்விடுகிறது.

எவ்வளவு வாங்கலாம்? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறிமுறைகளில், நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்குப் பருப்புகளும் எண்ணெய் வித்துக்களுமாக 35 கிராம் என்று குறித்திருக்கிறது. அஃதாவது ஒரு கைப்பிடி. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதத்திற்கு 4 கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். அதுவும் எல்லா வகையும் சேர்த்து. பத்துக் கிலோ எடுத்தால் விலை குறையும் என்று கடைக்காரர் சொல்லும்போது, இக்கணக்கு மனத்தில் இருத்தல் வேண்டும். 35 கிராம் கடலையிலேயே இருநூறு கலோரி அடங்கியிருப்பதால், மலிவாகக் கிடைத்தது என்று அள்ளி அள்ளித் தின்பதும் நன்றன்று.

முந்திரி மூட்டைகளின்மேல் 180, 240, 320 என்று எண்கள் எழுதியிருப்பதைக் காணலாம். ஒரு பவுண்டு எடையில் ஏறக்குறைய எத்தனை முழுப் பருப்புகள் நிற்கும் என்பதை அவை காட்டுகின்றன. எண் சிறிதானால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. சத்தில் வேறுபாடு இல்லை. பாயசத்துக்கும் துவையலுக்கும் உடைந்த பருப்பே போதும். ஆனால் உடைந்தவற்றில் காற்றுப் படும் பரப்பு மிகுதி. ஆதலால் அவை விரைவில் சிக்கு நாற்றம் எடுக்கும். அவற்றை மட்டும் மொத்தமாக வாங்குதல் கூடாது.

இங்கே எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஓராண்டு ஜூன் மாதத்தில், உரித்த நிலக்கடலையாகப் பத்துக் கிலோ வாங்கிச் சாக்கோடு சமையலறை மூலையில் வைத்தோம். ஜூலையில் மழை பிடித்தது. ஆகஸ்டில் அவிழ்த்தபோது பூசண வாடை வீசிற்று. சில பருப்புகளின்மேல் பசுமஞ்சள் நிறத்தில் தூள் படிந்திருந்தது. கீழ்வீட்டு மாமி அனுபவம் மிக்கவர். “கெட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டு நன்றாக வறுத்தால் சரியாகிவிடும், தம்பி. பிள்ளைகளுக்குச் சுண்டலுக்கு ஆகும்” என்றார். எனக்கும் பணம் போகிறதே என்ற எண்ணந்தான்.

நல்லவேளை, கை கூசியது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று ஆராய்ந்து கண்டனர். அப்பூசணம் விளைக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். நம் நாட்டிலும் 1974-ஆம் ஆண்டில், ராஜஸ்தானத்தின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு மாண்டனர். சிறிது சிறிதாக நெடுநாள் உட்கொண்டாலும் இந்நஞ்சு கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதும் அழிவதில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கும் பருப்பிலும் அது ஊறியிருக்கக்கூடும். பத்துக் கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தோம். மாமிக்கு இரண்டு நாள் என்மேல் வருத்தம்.

ஆகவே கடலையைத் தோலோடு வாங்குவதே மேல். காதருகே குலுக்கிப் பார்த்தால், நன்கு உலர்ந்த காய் கலகலவென்று ஒலிக்கும். சாக்கின் மேற்பகுதியிலிருந்து கடைக்காரர் எடுத்துத் தருவதை மட்டும் சுவைத்துவிட்டு வராமல், அடியிலிருந்தும் ஒரு பிடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல வியாபாரி தயங்க மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சிறு சிறு டப்பாக்களில் பிரித்து, இறுக மூட வேண்டும். அக்ரூட்டும் ஆளி விதையும் விரைவில் கெடும் எண்ணெய் உடையவை. அக்ரூட் பருப்பை வெயிலில் காயவைப்பது நம் பாட்டிமார் வழக்கப்படி சரியாகத் தோன்றினாலும், அது கேட்டையே விரைவுபடுத்தும். குளிர்பெட்டியே அதற்குத் தக்க இடம். வெளியே எடுத்தவுடன் திறவாமல், டப்பாவின் குளிர் தணிந்தபின் திறந்தால் உள்ளே ஈரம் படியாது. ஆளி விதையை முழுதாகவே வைத்திருந்து அவ்வப்போது பொடி செய்வது நல்லது. பீகாரிலிருந்து வரும் மக்கானாவில் கொழுப்பு மிகக் குறைவு. அது காறுவதில்லை, நமத்துத்தான் போகும். நம்மவர் அதைத் தாமரை விதை என்கிறார்கள். உண்மையில் அது வேறொரு நீர்க்கொடியின் விதை.

சிறு குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுத்தால் மூச்சுக்குழலில் சிக்கும் அபாயமுண்டு. அரைத்தே கொடுக்க வேண்டும். சிலருக்கு நிலக்கடலை அறவே ஒவ்வாது என்பதையும் மறத்தலாகாது.

இப்பொழுது எங்கள் குடியிருப்பில் தீபாவளிக்குப் பின் ஒரு முறையும், ஹோலிக்கு முன் ஒரு முறையும் காரி பாவ்லிக்குப் போகிறோம். மழைக்காலத்தில் அரைக் கிலோவுக்குமேல் எவர் வீட்டிலும் இருப்பதில்லை. பட்டியல் எழுதுபவர் கீழ்வீட்டு மாமியேதான்.