ஓரத்தை முதலில் யோசியுங்கள்

தையற்கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் பிடிதுணிகள் தைக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க உதவும், எட்டு அங்குலச் சதுரக் குவில்ட் துணிகள். மேல்துணி, நடுவே பஞ்சு அடுக்கு, அடித்துணி, மூன்றையும் பிணைக்கும் ஓட்டுத்தையல் எல்லாம் அவருக்கு ஒழுங்காக வருகிறது. ஓரத்தை எப்படி முடிப்பது என்பதில்தான் குழப்பம். தனிப்பட்டை வைத்து பைண்டிங் கொடுப்பதா, அடித்துணியையே மேலே மடித்து அடிப்பதா, தலையணை உறை மாதிரி உள்ளிருந்து திருப்பி எடுப்பதா என்று கேட்கிறார்.

சின்னப் பொருள்களில் இந்தக் கேள்விக்குப் பெரிய இடம் உண்டு. 60க்கு 80 அங்குலப் போர்வையில் கால் அங்குல அகலப் பட்டை மொத்தப் பரப்பில் 2 சதவீதம்கூட வராது. எட்டு அங்குலப் பிடிதுணியில் அதே பட்டை எட்டில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். டம்ளர் வைக்கும் நான்கு அங்குல விரிப்பிலோ ஏறக்குறைய கால்வாசி. கண்ணுக்கு முதலில் தெரிவதும், கை பட்டுப்பட்டுத் தேய்வதும், தண்ணீரில் அலசும்போது முதலில் பிரிவதும் ஓரம்தான்.

பெரும்பாலோர் கைவைப்பது இரட்டை மடிப்புப் பட்டையில். இரண்டரை அங்குல அகலத்தில் துணியை நீளமாக வெட்டி, நெடுக்குவாட்டில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, திறந்த பக்கத்தை மேல்துணி ஓரத்தோடு சேர்த்துக் கால் அங்குலத்தில் தைப்பார்கள். பிறகு மடிப்புப் பக்கத்தைப் பின்னால் திருப்பி ஹெம்மிங். இதில் விளிம்பைச் சுற்றி இரண்டு அடுக்குத் துணி இருப்பதால் நாள்தோறும் துவைபடும் பொருளுக்கு ஏற்றது. சின்னப் பொருளுக்குப் பட்டையை இரண்டு அல்லது இரண்டேகால் அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம். டம்ளர் விரிப்புக்கு மட்டும் இந்த முறை வேண்டாம். நான்கு மூலையிலும் துணி மடிந்து மடிந்து தடித்துவிடும், டம்ளர் ஆடும். அதற்கு ஒன்றேகால் அங்குல ஒற்றைப் பட்டை போதும். அதில் விளிம்பைச் சுற்றி ஒரே அடுக்கு. உள்ளே மடித்துத் தைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பட்டையின் நீளத்துக்குச் சுற்றளவோடு பத்து அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டு அங்குலப் பிடிதுணிக்கு 42 அங்குலம். 44 அங்குலப் பன்னாவில் குறுக்கே ஒரு பட்டை வெட்டினால் இடையில் ஒட்டுப் போடாமல் முடித்துவிடலாம். தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தை நேராகத் தைக்காமல் சாய்வாகத் தையுங்கள். தடிமன் ஒரே இடத்தில் குவியாது. மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்திப் பட்டையை மேலே சாய்த்து, மீண்டும் கீழே மடித்துத் தொடர்ந்தால் முனை கூராக நிற்கும்.

பட்டையை நேராக வெட்டுவதா, கிராஸாக வெட்டுவதா என்பது அடுத்த முடிவு. அம்மா பீரோவில் இருக்கும் பட்டுச்சேலைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைப்பார். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டோடு சேலை இற்றுக் கிழிந்துவிடும் என்பது அவர் கணக்கு. நேர்ப்பட்டையிலும் இதேதான் நடக்கிறது. விளிம்பின் மடிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நூல்களின் மேலேயே நீளமாக ஓடுகிறது. தேய்மானம் முழுவதையும் அந்த நூல்கள் தாங்குகின்றன. அவை அற்றால் ஓரம் முழுதும் பிளந்துகொள்ளும். 45 டிகிரி சாய்வில் வெட்டிய கிராஸ் பீஸில் பாவு நூலும் ஊடை நூலும் விளிம்பைக் குறுக்காகக் கடந்து போகின்றன. தேய்மானம் பல நூல்களுக்குப் பிரிகிறது. ஒரு நூல் அற்றாலும் கிழிசல் நீளாது. வட்டமோ வளைவோ உள்ள பொருளுக்குப் பட்டை வைப்பதானால் கிராஸ் தவிர வேறு வழியும் இல்லை, அதுதான் இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். ரவிக்கைக் கழுத்துக்கு பைப்பிங் வைக்கும் எந்தத் தையல்காரரும் இதை அறிவார். கிராஸுக்குத் துணி கூடுதலாகச் செலவாகும்; தைக்கும்போது இழுத்தால் ஓரம் அலையலையாக நெளியும். அன்றாடம் கையாளும் பிடிதுணிக்கு கிராஸ், எப்போதாவது எடுக்கும் சதுர விரிப்புக்கு நேர்ப்பட்டை என்று வைத்துக்கொண்டால் போதும்.

அடித்துணியைச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு, இருமுறை மடித்து மேலே கொண்டுவந்து தைப்பது சிக்கனமான வழி. ஆனால் அங்கே ஓரம் கிழிந்தால் அடித்துணியே கிழிந்ததாகும், மாற்ற முடியாது. உள்ளிருந்து திருப்பி எடுக்கும் முறை இதயம், இலை போன்ற கோணல் வடிவங்களுக்குக் கைகொடுக்கும். அதில் பட்டையே கிடையாது. அதனால் மேல்துணிதான் தேய்மானத்தை வாங்கும். சுவரில் மாட்டும் படத்துணிக்கு ஓரத்தை முழுக்கப் பின்பக்கம் மடித்துத் தைத்துவிடலாம், முன்னால் எதுவும் தெரியாது. சூடான பாத்திரம் தொடும் எதற்கும் பட்டையும் பஞ்சும் நூலும் பருத்தியாகவே இருக்கட்டும். பாலியெஸ்டர் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

இவற்றில் பெரும்பாலான முறைகளில் ஓரம் கடைசி வேலை. ஓரத்திலிருந்தே தொடங்கும் குவில்ட் ஒன்று நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு வட்டாரங்களில் வாழும் சித்தி இனத்தவர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். போர்ச்சுக்கீசியரும் பிறரும் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களில் பலர் தப்பி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் குடியேறினார்கள். அவர்களின் வழிவந்த பெண்கள் பழைய துணிகளில் தைக்கும் போர்வைக்கு கவந்தி என்று பெயர்.

கவந்தி தைக்க மரச்சட்டம் எதுவும் இல்லை. பழைய பருத்திச் சேலையைத் தரையில் விரித்து ஒரு மூலையில் உட்கார்ந்து தொடங்குகிறார்கள். அடித்துணியின் ஓரத்தை உள்ளே மடித்து, மேலே வைக்கும் ஒட்டுத் துணியின் ஓரத்தையும் உள்ளே மடித்து, இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஓட்டுத்தையல் போடுகிறார்கள். ஒரு துண்டு முடிந்ததும் அதன் பக்கத்தில் அடுத்தது. நான்கு பக்கமும் சுற்றி வந்தபின் உள்வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம் என்று தையல் சுருங்கிச் சுருங்கி நடுவில் போய் முடிகிறது. முதல் சுற்றிலேயே ஓரம் முடிந்துவிட்டதால் பட்டை தேவைப்படுவதில்லை. நான்கு மூலைகளிலும் மடித்து மடித்து அடுக்கிய முக்கோணத் துணியை வைத்துத் தைக்கிறார்கள், அது ஃபூலா. ஃபூலா இல்லாத கவந்தியை அந்தப் பெண்கள் நிர்வாணமாக நிற்பதாகச் சொல்வார்கள். பட்டைபோடும் தையல்காரர் மூலையைத் தடிமன் தெரியாமல் எப்படி மறைப்பது என்று பாடுபடுகிறார். கவந்திக்காரி அங்கேதான் துணியை வேண்டுமென்றே அடுக்கி அழகு பார்க்கிறார்.

இந்த முறையை எட்டு அங்குலத்துக்கும் கொண்டுவரலாம். பஞ்சைவிட அடித்துணியைச் சுற்றிலும் அரை அங்குலம் பெரிதாக வெட்டி, அதைப் பஞ்சின் மேல் மடித்து, ஓரம் மடித்த ஒட்டுத் துண்டை அதன்மேல் பொருத்தி, விளிம்பை ஒட்டியே ஊசியை ஓட்டிச் செல்லுங்கள். மெஷின் வேண்டாம், பட்டைக்குத் தனித்துணி வேண்டாம். ஃபூலாவை விட்டுவிட்டால் மூலை அதிகம் தடிக்காது, ஆகவே டம்ளர் விரிப்புக்கும் முயன்று பார்க்கலாம். வெளிநாட்டுத் தையல் வகுப்புகளிலும் இன்று கவந்தி கற்றுத்தரப்படுகிறது. அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ட்ரூவல் சித்தி இனப் பெண்களோடு பழகி ஆய்வு செய்து எழுதினார். 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் அவர்களின் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நம்மில் பலருக்கோ கவந்தி என்ற பெயர்கூடத் தெரியாது. அந்த முறையில் தைத்து விற்பவர்கள் இது யாருடைய கைவேலை என்பதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் காட்டுக்குள் போனவர்களின் வழிவந்தோர் வளர்த்த அறிவு அது.

கடைகளில் குவில்ட் பொருள் என்று மலிவாகக் கிடைப்பவற்றின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். வெறும் ஓவர்லாக், அல்லது விரல் நகத்துக்கே பிரியும் மெல்லிய நாடா. சில துவையலில் பிசிறு கிளம்பும், பஞ்சு வெளியே வரும், நல்ல துணி குப்பைக்குப் போகும். நடுவிலுள்ள துணியும் உழைப்பும் இன்னும் பல வருடம் தாங்கக் கூடியவை. ஓரத்தில் மிச்சப்படுத்திய சில நிமிடங்களுக்காக அவ்வளவையும் இழக்கிறோம்.

எனவே துணியை வெட்டும் முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இது எவ்வளவு அடிக்கடி துவைபடும்? எந்த இடத்தில் கை பிடிக்கும்? இதன்மேல் எதுவும் ஆடாமல் நிற்க வேண்டுமா? பதிலுக்கேற்ப முறையைத் தேர்ந்து, பட்டைக்கான துணியை முதலிலேயே ஒதுக்குங்கள்; அதில் இன்னொரு பட்டைக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள். தனிப்பட்டையின் பெரிய நன்மை, அதை மாற்றலாம் என்பது. தேய்ந்த பட்டையைப் பிரித்துவிட்டுப் புதியதைத் தைக்க ஒரு மாலைப் பொழுது போதும். அந்தப் பிடிதுணி மறுநாள் காலை மீண்டும் அடுப்படிக்கு வந்துவிடும்.