லேப்டாப்புக்கு வெளியே கிராஃபிக்ஸ் கார்டு: வாங்கலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் டை, மோல்டு, ஃபிக்சர் வரைபவர்களுக்கு லேப்டாப்தான் வசதி. பகலில் பட்டறை, இரவில் வீடு, நடுவில் புறநகர் ரயில். பெரிய அசெம்பிளியைத் திரையில் திருப்பும்போது அது திணறினால், ‘வெளியே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொல்வார்கள். பாதிப் பேருக்கு ஆகாது.

விஷயம் எளிதுதான். டெஸ்க்டாப்புக்கான கார்டைத் தனிப் பெட்டியில் பொருத்தி, அதற்கென்று பவர் சப்ளை கொடுத்து, தண்டர்போல்ட் கேபிளால் லேப்டாப்புடன் இணைக்கிறோம். சிக்கல் அந்தக் கேபிளில்தான். தண்டர்போல்ட் 3-இன் வேகம் நொடிக்கு 40 கிகாபிட் என்பார்கள். அதில் கார்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 22. டெஸ்க்டாப் மதர்போர்டில் நான்காம் தலைமுறை பிசிஐஇ ஸ்லாட் முழு அகலத்தில் சுமார் 250 கிகாபிட் தரும். கார்டு வரைந்த படத்தை லேப்டாப்பின் சொந்தத் திரையிலேயே பார்த்தால், அதுவும் அதே கேபிள் வழியாகத் திரும்பி வரவேண்டும், நெரிசல் கூடும். கார்டிலேயே ஒரு மானிட்டரைச் செருகினால் இந்த இழப்பு குறையும்.

ஆனால் எல்லா வேலைக்கும் கேபிள் தடையில்லை. கிடங்குக்குள் சரக்கு இறங்கிவிட்டால், அதன்பின் கேட் எவ்வளவு குறுகல் என்பதைப் பற்றிக் கவலையில்லை அல்லவா? பிளெண்டரில் ரெண்டர் செய்வதும், வார்ப்பில் விழும் குறையைக் கேமரா படத்தில் கண்டுபிடிக்க ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுப்பதும் பெரும்பாலும் இந்த ரகம். தரவு கார்டின் நினைவகத்தில் அடங்கிவிட்டால், கணக்கு முழுக்க அங்கேயே நடக்கும். அதனால் இந்த வேலைகளுக்குக் கார்டின் வேகத்தைவிட நினைவகத்தைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி வகை உண்டு. அதற்குப் பின் வந்த 4060-இல் 8 ஜிபிதான்.

கேட் (CAD) வேலை வேறு. ஆட்டோகேடின் பெரும்பாலான வேலையும், சாலிட்வொர்க்ஸில் மாடலை ரீபில்ட் செய்வதும் பிராசசரின் ஒரே கோரை நம்பி ஓடுகின்றன. அங்கே எவ்வளவு பெரிய கார்டு வைத்தாலும் காத்திருப்பு குறையாது. சந்தேகமிருந்தால் செலவில்லாமல் சோதிக்கலாம். லேப்டாப் திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். சிபியு வரைபடத்தில் வலது கிளிக் செய்து ‘லாஜிக்கல் பிராசசர்ஸ்’ தேர்ந்தெடுங்கள். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நிற்க, ஜிபியு கோடு தரையோடு படுத்திருந்தால் கார்டு வாங்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம். ரேம் நிரம்பி வழிகிறதா என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள். பல சமயம் நோய் அதுதான்.

டைப்-சி துளை இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா, இல்லாவிட்டால் யுஎஸ்பி4 வசதி உண்டா என்று மாடல் விவரத்தில் பார்க்க வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கடினம்: 2018-இல் ஆப்பிள் இதற்கு ஆதரவு தந்தது, ஆனால் 2020 முதல் வந்த தன் சொந்தச் சிப் மேக்குகளுக்கு அதை நீட்டிக்கவில்லை.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. உருக்காலைகளும் உருட்டாலைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். கார்டுப் பெட்டிக்குப் பேட்டரி இல்லை. கார்டு திடீரென்று மறைய, மென்பொருள் முடங்கும், சேமிக்காத வேலை போகும். ஆகவே யுபிஎஸ் செலவையும் கணக்கில் சேருங்கள்.

செலவு என்றால், 2018-இல் வந்த ரேசர் கோர் எக்ஸ் பெட்டியின் அறிமுக விலையே 299 டாலர், அதுவும் கார்டு இல்லாமல். அந்தப் பணத்தோடு கார்டின் விலையையும் கூட்டி ரிச்சி தெருவில் விசாரியுங்கள். அதே கார்டு போட்ட ஒரு டெஸ்க்டாப்பே நெருங்கி வந்துவிடும், கேபிள் இழப்பும் இல்லை. தண்டர்போல்ட் உள்ள நல்ல லேப்டாப், ரெண்டரிங் அல்லது ஏஐ வேலை, இரண்டாவது கணினிக்கு இடமில்லாத மேசை: இந்த மூன்றும் சேர்ந்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் முதலில் ரேமைக் கூட்டிப் பாருங்கள்.