கள்ளத்தராசுக்குத் தண்டனை உண்டு, கள்ள ஆட்டத்திற்கு?



வீட்டுக்கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில்தான் சபையாரின் உண்மையான கேள்விகள் வெளிவருகின்றன. ஐ.பி.எல். ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்த ஒரு கோடைகாலத்தில், பெயிண்டர் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் என்னைத் தனியே மாடிப்படிக்கு அழைத்துச் சென்றார். கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணத்தை அவருடைய மகன் கைபேசியில் பந்தயம் கட்டி இழந்திருந்தான்.

"ஐயா, பந்தயம் கட்டியது என் மகன் செய்த தவறு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டமே முன்கூட்டிப் பேசி முடித்ததாக இருந்தால், பணம் வாங்கிக்கொண்டு விளையாடியவனுக்கு என்ன தண்டனை?" என்று கேட்டார்.

அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. பின்பு சட்டம் அறிந்தவர்களிடம் விசாரித்தும், தீர்ப்புகளைப் படித்தும் நான் அறிந்துகொண்டது என்னைத் திடுக்கிடச் செய்தது. கிரிக்கெட்டை இவ்வளவு நேசிக்கும் நம் தேசத்தில், 'மேட்ச் பிக்சிங்' எனப்படும் ஆட்ட மோசடியை அதன் பெயர் சொல்லிக் குற்றம் என்று அறிவிக்கும் தனிச்சட்டம் ஒன்றும் இல்லை.

தொலைபேசியில் கேட்ட குரல்

இந்தக் கதை 2000-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. பணப்பறிப்பு வழக்கொன்றின் விசாரணைக்காகத் தில்லிக் காவல்துறையினர் தொலைபேசி உரையாடல்களை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராதவிதமாக, இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோனியேவின் பெயர் அதில் சிக்கியது. ஏப்ரல் 7 அன்று காவல்துறை அதை உலகுக்கு அறிவித்தது. முதலில் மறுத்த குரோனியே, சில நாட்களுக்குள் தாம் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டு பதவியை இழந்தார். தமது நாட்டில் அமைக்கப்பட்ட நீதிபதி கிங் விசாரணை ஆணையத்தின் முன், சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கியதை அறிக்கையிட்டார். ஆயுட்காலத் தடை பெற்று, 2002 ஜூன் 1 அன்று விமான விபத்தில் மரித்தார்.

தில்லி வழக்கோ மெதுவாக நடந்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது 2013-இல். லண்டனிலிருந்த முக்கியக் குற்றவாளி எனச் சொல்லப்பட்டவர் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது 2020 பிப்ரவரியில். அந்தத் தொலைபேசி உரையாடல் நடந்தபோது பிறந்த குழந்தைக்கு அதற்குள் இருபது வயதாகிவிட்டது.

அதே 2000-இல் மத்தியப் புலனாய்வுத் துறையும் இந்திய வீரர்களைப் பற்றி விசாரித்து அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் கிரிக்கெட் வாரியம் முகமது அசாருதீனுக்கும் அஜய் சர்மாவுக்கும் ஆயுட்காலத் தடையும், வேறு சிலருக்கு ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. குற்றவியல் வழக்கு எதுவும் அதிலிருந்து பிறக்கவில்லை. அசாருதீன் மீதான தடையும் சட்டப்படி செல்லாது என்று 2012-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்று கதவுகள், மூன்றும் பாதி மூடியவை

ஆட்டத்தை விற்றவனைப் பிடிக்க நம் தேசத்தில் மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதலாவது, சூதாட்டத் தடைச் சட்டங்கள். சூதாட்டமும் பந்தயமும் நம் அரசியலமைப்பில் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஆகவே மும்பையில் இருப்பவருக்கு 1887-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம், பெங்களூரில் இருப்பவருக்குக் கர்நாடகக் காவல் சட்டம் என ஊருக்கு ஒரு சட்டம் உண்டு. இவற்றுக்கெல்லாம் மூத்தது ஆங்கிலேயர் காலத்து 1867-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம். சூதாட்ட விடுதி நடத்துபவனுக்கு அது முதலில் விதித்த தண்டனை 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அங்கே அகப்பட்டவனுக்கு 100 ரூபாய் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. திண்ணையில் சீட்டாடியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. மேலும், அது பிடிப்பது பந்தயம் கட்டுபவனையும் கட்டவைப்பவனையும்தான். மைதானத்தில் வேண்டுமென்றே மோசமாகப் பந்து வீசுபவன் பந்தயமே கட்டுவதில்லையே!

இரண்டாவது, ஏமாற்றுக் குற்றம். ஏமாற்றுக்காரனை நாம் பேச்சுவழக்கில் 'நானூற்றிருபது' என்கிறோம். அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318-ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. தண்டனை ஏழாண்டு வரை சிறை. ஆனால் இக்குற்றத்தை நிரூபிக்க, ஒருவனை வஞ்சித்து அவனைப் பணத்தையோ பொருளையோ கொடுக்கச் செய்ததாகக் காட்டவேண்டும். ஆட்ட மோசடியில் யார், யாரிடம், எதைக் கொடுத்தார்? கேள்வி இங்கேதான் சிக்கிக்கொள்கிறது.

மூன்றாவது, விளையாட்டு அமைப்புகளின் ஒழுங்கு நடவடிக்கை. வாரியம் வீரனுக்குத் தடை விதிக்கலாம். ஆனால் அவனைச் சிறைக்கு அனுப்ப அதற்கு அதிகாரமில்லை. அவனுக்குப் பணம் கொடுத்த தரகனோ வாரியத்தின் கைக்கு எட்டாதவன்.

நீதிமன்றங்கள் சொன்னது

2013 மே 16 அன்று ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் ஸ்ரீசாந்த் உள்ளிட்ட மூன்று வீரர்களைத் தில்லிக் காவல்துறை கைது செய்தது. குறிப்பிட்ட ஓர் ஓவரில் இத்தனை ஓட்டங்களைக் கொடுப்பதாகத் தரகர்களோடு பேரம் பேசப்பட்டது என்பது குற்றச்சாட்டு. இதற்குத் தனிச்சட்டம் இல்லாததால், ஏமாற்றுக் குற்றத்தோடு 'மோக்கா' எனப்படும் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தையும் காவல்துறை சேர்த்தது. நிழலுலகக் கும்பல்களுக்காக இயற்றப்பட்ட அந்தச் சட்டம் இந்த வழக்கில் நிற்கவில்லை. 2015 ஜூலை 25 அன்று தில்லி விசாரணை நீதிமன்றம், தன்முன் இருந்த 36 பேரையும் வழக்கிலிருந்து விடுவித்தது. ஸ்ரீசாந்த் மீது வாரியம் விதித்த ஆயுட்காலத் தடையையும் 2019-இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்து, தண்டனையை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. அது ஏழாண்டாகக் குறைந்தது.

அடுத்து, பெங்களூரில் வாழும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள், 2019-இல் கர்நாடக பிரீமியர் லீக் ஆட்டங்கள் தொடர்பாக வீரர்களும் ஓர் அணியின் உரிமையாளரும் கைதானார்கள். 2022 ஜனவரி 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், தன்னிடம் முறையிட்ட நால்வர் மீதான வழக்கை ரத்து செய்தது. ஆட்ட மோசடி நேர்மையின்மையைக் காட்டலாம். ஆனால் அது 420-ஆம் பிரிவின்கீழ் ஏமாற்றுக் குற்றம் ஆகாது. ரசிகர்கள் தங்கள் விருப்பப்படியே சீட்டு வாங்கினார்கள், அவர்களை யாரும் தூண்டி வாங்கவைக்கவில்லை. நடவடிக்கை எடுக்கவேண்டியது கிரிக்கெட் வாரியமே. இதுவே அத்தீர்ப்பின் சாரம். இதை எதிர்த்து மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஆட்ட மோசடி ஏமாற்றுக் குற்றமே என்று 2025-இல் கிரிக்கெட் வாரியமும் அங்கே வாதத்தை முன்வைத்தது.

நீதிமன்றங்களை இங்கே குறைசொல்லக் கூடாது. எழுதப்படாத குற்றத்துக்கு நீதிபதி தண்டனை விதிக்கத் தொடங்கினால், நாளை எந்த ஏழையின் மீதும் எந்தக் குற்றத்தையும் சுமத்தலாம். குறை, சட்டம் எழுதவேண்டியவர்கள் எழுதாமல் விட்டதில் இருக்கிறது.

தராசை நினைத்துப் பாருங்கள்

கள்ளத்தராசைக் கண்டிக்கும் வசனங்களை நாம் ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே அறிந்திருக்கிறோம். 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும் அதை அறிந்திருந்தது. பொய்யான எடைக்கருவிகளைப் பயன்படுத்துவோருக்கென்றே அதில் தனி அத்தியாயம் இருந்தது. ஓராண்டு வரை சிறை விதிக்க இடம் இருந்தது. இன்று எடை, அளவை மோசடிகளுக்கு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது.

மளிகைக்கடைக்கு வாடிக்கையாளர் தன் விருப்பப்படியேதான் வருகிறார். கடைக்காரர் அவரைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆயினும், 'நீயாகத்தானே வந்தாய்' என்று சட்டம் அவரைத் திருப்பி அனுப்புவதில்லை. தராசு பொது நம்பிக்கைக்கு உரியது; அதைக் கெடுப்பதே குற்றம் என்கிறது. விளையாட்டு மைதானமும் ஒரு தராசுதான். ஒரு பக்கம் திறமை, மறுபக்கம் திறமை. முள் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் காணவே ஜனங்கள் கூடுகிறார்கள். அந்த முள்ளை விரலால் அழுத்துகிறவனுக்கும் தனிக்குற்றம் ஒன்று எழுதப்படவேண்டும்.

இதில் மிகவும் ஏமாற்றப்பட்டவன் பந்தயம் கட்டியவனே. அவனால் வாய் திறக்கவும் முடியாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி பந்தய உடன்பாடு செல்லாது. பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. காவல் நிலையத்துக்குப் போனால் தன் குற்றத்தையே முதலில் எழுதிக் கொடுக்கவேண்டும். முடிவை முன்பே அறிந்த தரகன் விகிதத்தை நிர்ணயிக்கிறான். அறியாத பிள்ளை பணத்தை வைக்கிறான். இந்த மவுனத்தின் மேல்தான் அந்த வியாபாரம் நிற்கிறது.

மற்ற தேசங்கள் செய்தது

குரோனியேவின் வீழ்ச்சியைக் கண்ட தென்னாப்பிரிக்கா, 2004-இல் இயற்றிய ஊழல் தடுப்புச் சட்டத்தில் விளையாட்டு ஊழலுக்குத் தனிப்பிரிவு வைத்தது. அதன்கீழ் குலாம் போடி என்ற முன்னாள் வீரருக்கு 2019-இல் ஐந்தாண்டு சிறை விதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், சூதாட்டத்தில் மோசடி செய்வதை இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. 2010-இல் லார்ட்ஸ் மைதானத்தில் பணத்துக்காக 'நோ பால்' வீசப்பட்ட வழக்கில், அடுத்த ஆண்டே சல்மான் பட்டுக்கு 30 மாதமும், முகமது ஆசிஃபுக்கு 12 மாதமும், முகமது ஆமிருக்கு 6 மாதமும் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர்களது முகவரும் தப்பவில்லை.

நமது அண்டை நாடான இலங்கை 2019 நவம்பரில் தனிச்சட்டமே இயற்றியது. பத்தாண்டு வரை சிறை, பத்துக் கோடி இலங்கை ரூபாய் வரை அபராதம். தெற்காசியாவில் இதை முதலில் செய்தது அந்தச் சிறிய தேசமே.

நம் தேசத்தில் ஆலோசனைக்குக் குறைவில்லை. 2016 ஜனவரியில் நீதிபதி லோதா குழு, ஆட்ட மோசடியைக் குற்றமாக்கச் சொன்னது. பந்தயத்தைக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. 2018 ஜூலையில் சட்ட ஆணையம் தனது 276-ஆம் அறிக்கையில், ஆட்ட மோசடிக்குக் கடும் தண்டனை வேண்டும் என்றது. நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாக்களும் வந்தன. எதுவும் சட்டமாகவில்லை.

நம் குடும்பங்கள் அறியவேண்டியவை

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் பந்தயங்களையும் நாடு முழுவதற்கும் தடைசெய்ய இயற்றப்பட்டது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். அது பந்தயக் கடையை மூடுகிறது; மைதானத்தில் ஆட்டத்தை விற்பவனைப் பற்றி அது பேசவில்லை. ஆயினும் வாலிபர்கள் அதில் இரண்டு காரியங்களைக் கவனிக்கவேண்டும்.

ஒன்று, மத்தியச் சட்டம் ஆடுபவனைத் தண்டிக்கவில்லை என்பதால் தைரியம் கொள்ள வேண்டாம். மாநிலச் சட்டங்கள் தனியே உண்டு. அன்றியும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவு, கும்பலாகச் சேர்ந்து சட்டவிரோதப் பந்தயம் நடத்துவதை ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியுள்ளது.

இரண்டு, உங்கள் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ ஒருவருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். "கணக்கைக் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்" என்று அறைத்தோழன் சொல்லும்போது, அது எளிதான வருமானமாகத் தோன்றும். பந்தயப் பணம் கைமாற உதவுவதும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதில் ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது. தரகனின் பெயர் எந்தக் காகிதத்திலும் இராது. உங்கள் பெயர் இருக்கும்.

பெற்றோரே, பிள்ளை பணம் இழந்ததாகச் சொல்லும் நாளில் அவனை வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். பயந்த பிள்ளை அடுத்துப் போவது கடன் செயலிக்கே. கடன் எவ்வளவு, யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதவைத்து, அன்றிரவே அவனோடு அமருங்கள்.

அந்தச் சகோதரரைச் சில மாதங்களுக்குப் பின் சந்தித்தபோது, நான் அறிந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அப்படியானால் என் மகன் தோற்றது ஆட்டத்தில் இல்லை, தராசில்தான்" என்றார். மகன் இப்போது மாலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்து கட்டணத்தை அடைத்துவருகிறான். அவன் தன் தவறுக்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஆட்டத்தை விற்பவனும் தன் தவறுக்கு விலை கொடுக்கும்படியான சட்டத்தை நம் தேசம் எழுதவேண்டும். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது, இந்த ஒரு கேள்வியையும் அவரிடம் கேளுங்கள்.