சனிக்கிழமை இரவை நினைத்து மூளை ஏன் துள்ளுகிறது?

புதன்கிழமை மதியம் உங்கள் புலனக் குழுவில் ஒரு செய்தி வருகிறது. "சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஃபுட்சால். அப்புறம் மாமாக் கடையில் மேட்ச். யார் யார் வர்றீங்க?" அவ்வளவுதான். வியாழனன்று கணிதப் பாடம் கூட இலேசாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கும்போது கால்கள் தரையில் நிற்பதில்லை. ஆனால் இன்னும் பந்தை யாரும் தொடவில்லை. ரொட்டி சானாயும் வரவில்லை. நடக்காத ஒன்றுக்காக உடல் இப்படித் துள்ளுவது ஏன்?

வெள்ளிக்கிழமை என்ற பெயரில் மந்திரம் எதுவும் இல்லை. கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அங்குள்ள மாணவர்களுக்கு இதே துள்ளல் வியாழக்கிழமையே வந்துவிடும். மூளை பார்ப்பது கிழமையை அல்ல. அடுத்து என்ன வரப்போகிறது என்பதை.

பழச்சாறும் விளக்கும்

இதற்கான விடை, டோபமின் என்ற வேதிப்பொருளில் தொடங்குகிறது. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்களில் இதுவும் ஒன்று. இதைக் கண்டறிந்த சுவீடன் நாட்டு அறிவியலாளர் அர்விட் கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

டோபமினை "மகிழ்ச்சி வேதிப்பொருள்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியன்று. ஏன் என்பதை வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் காட்டின. முதலில் குரங்குக்குப் பழச்சாறு சில துளிகள் கொடுக்கப்பட்டன. உடனே டோபமின் நரம்பணுக்கள் வேகமாகத் துடித்தன. அடுத்து, ஒரு விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் சாறு வரும்படி செய்தார்கள். சில முறை இப்படி நடந்ததும் குரங்கு அதைக் கற்றுக்கொண்டது. பிறகு நடந்ததுதான் வியப்பு. நரம்பணுக்கள் விளக்கு எரிந்தபோதே துடித்தன. சாறு வந்தபோது அவை அமைதியாக இருந்தன! விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், சாறு வந்திருக்க வேண்டிய அதே நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது.

அதாவது, மூளை எந்நேரமும் ஒரு கணக்குப் போடுகிறது. எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தால் டோபமின் ஏறும். எதிர்பார்த்த அளவே கிடைத்தால் மாற்றமில்லை. குறைந்தால் இறங்கும். உங்கள் கைப்பேசியில் வந்த புதன்கிழமைச் செய்திதான் அந்த விளக்கு. சனிக்கிழமை இரவு என்பது பழச்சாறு.

2003ஆம் ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஷூல்ட்ஸ் குழுவினர் சாறு வரும் வாய்ப்பை மாற்றிப் பார்த்தார்கள். வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான், காத்திருக்கும் நேரத்தில் நரம்பணுக்களின் துடிப்பு மிகுதியாக ஏறியது. "அப்பா விடுவாரா, மாட்டாரா?" என்ற தவிப்பும் துள்ளலும் ஏன் ஒன்றாகவே வருகின்றன என்பதை இது ஓரளவு விளக்குகிறது.

விரும்புவது வேறு, சுவைப்பது வேறு

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் மற்றொன்றைக் கவனித்தார். டோபமின் இல்லாத எலிகள் உணவைத் தேடிப் போவதில்லை. ஆனால் அவற்றின் வாயில் இனிப்பை வைத்தால், மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சப்புக்கொட்டி ரசிக்கின்றன. எனவே ஒன்றை நாடி ஓடவைக்கும் வேட்கை வேறு. அது கிடைத்தபின் ரசிக்கும் இன்பம் வேறு. டோபமினின் முக்கிய வேலை முதலாவதில்தான்.

இது மனிதர்களின் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது. நெதர்லாந்தில் 1,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, விடுமுறைப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்ததைக் காட்டியது. பயணம் முடிந்து திரும்பியபின் பெரும்பாலோரிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை.

நான்கு நாள் திட்டமிட்ட இரவு சில நேரம் "இவ்வளவுதானா?" என்று முடிவதற்கும், திட்டத்தில் இல்லாமல் நடுவழியில் மழையில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் அரட்டை அடித்தது பல ஆண்டுகள் நினைவில் நிற்பதற்கும் இதுவே காரணமாகலாம். முதலாவதில் எதிர்பார்ப்பு உயரம். இரண்டாவதில் எதிர்பார்ப்பே இல்லை.

நண்பர்கள் பக்கத்தில் இருந்தால்

காத்திருப்பு முடிந்தது. சனிக்கிழமை இரவும் வந்துவிட்டது. தனியாக இருக்கும்போது செய்யத் துணியாததை நண்பர்கள் மத்தியில் செய்துவிடுகிறோமே, அது ஏன்?

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் இதைச் சோதித்தார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. சந்திப்புகளில் விளக்கு மஞ்சளாக மாறும். நிறுத்தினால் நேரம் வீணாகும். துணிந்து கடந்தால் நேரம் மிச்சம், ஆனால் மோதக்கூடும். பதின்ம வயதினர் தனியாக விளையாடியபோது பெரியவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். நண்பர்கள் அடுத்த அறையில் இருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அதிக ஆபத்தை ஏற்றார்கள். அந்நேரத்தில் அவர்கள் மூளையில் வெகுமதியை எதிர்பார்க்கும் பகுதிகள் கூடுதலாக இயங்கியதும் தெரிந்தது. பெரியவர்களிடம் இந்த மாற்றம் இல்லை.

கவனியுங்கள்: நண்பர்கள் தூண்டிவிட வேண்டியதில்லை. பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே போதும். இது கெட்ட பிள்ளைகளின் குணம் அன்று. வளரும் மூளையின் இயல்பு. நம்மை அடக்கிப் பிடிக்கும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

இரவு நீளும்போது

நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேல், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற இயக்குநீரைச் சுரக்கச் சொல்லி, உறக்கத்துக்கு உடலைத் தயார் செய்வது இதுதான். பருவமடையும் வயதில் இக்கடிகாரம் தாமதமாக ஓடத் தொடங்குகிறது. இரவு பதினொரு மணிக்கும் உங்களுக்குத் தூக்கம் வராததற்குச் சோம்பலோ அடங்காமையோ மட்டும் காரணமல்ல. உடலுக்கு அது இன்னும் மாலைப்பொழுது.

ஆனால் பள்ளி மணி தாமதமாக அடிப்பதில்லை. நள்ளிரவில் உறங்கி, பள்ளிப் பேருந்துக்காக 5.30க்கு எழும் மாணவர் ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார். 13 முதல் 18 வயதினருக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரம். 8 என்றே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு இரண்டரை மணி நேரக் கடன். ஐந்து பள்ளி நாளில் பன்னிரண்டரை மணி நேரம்! அந்தக் கடனோடுதான் அவர் சனிக்கிழமை இரவுக்குள் நுழைகிறார்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது சேரச் சேரக் கண் சொக்கும். தே தாரிக்கில் உள்ள காஃபீன், அடினோசின் சென்று அமரும் இடங்களை அடைத்துக்கொள்கிறது. அடினோசினை அது நீக்குவதில்லை. நாற்காலியை ஆக்கிரமித்திருக்கிறதே தவிர, வந்த விருந்தினர் வாசலிலேயே காத்திருக்கிறார். அதுமட்டுமல்ல, காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு ஒரு மணிக்குக் குடித்ததில் பாதி, காலை ஆறு மணிக்கும் உள்ளே இருக்கும்.

மூன்று மணிக்கு வீடு திரும்புதல்

இந்த இரவில் மிக முக்கியமான பகுதி ஃபுட்சாலும் அல்ல, மேட்சும் அல்ல. வீடு திரும்பும் அரை மணி நேரம்தான்.

ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனை 1997ஆம் ஆண்டு வெளியானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை-கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. மலேசியாவில் 2020ஆம் ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, வாகன ஓட்டுநரின் இரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவின் உச்ச வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். அதுவும் 0.05 விழுக்காடுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். சனிக்கிழமை காலை 8 மணிக்கு எழுந்தவர் அதிகாலை 3 மணிக்கு மோட்டார் சைக்கிளை முடுக்குகிறார். 19 மணி நேரம் விழித்திருக்கிறார். ஒரு சொட்டு மதுவும் தொடவில்லை. ஆனாலும் அவர் மூளை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. காவலர் கருவியில் ஊதச் சொன்னாலும் அது எதையும் காட்டாது.

அந்நேரம்தான் உடற்கடிகாரமும் மிகத் தாழ்ந்த நிலைக்கு இறங்கிக்கொண்டிருக்கும். உடல் வெப்பம் குறையும், உறக்கம் அழுத்தும். கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி உறங்கிவிடுவதுண்டு. இதை நுண்ணுறக்கம் எனலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். நான்கு நொடி நுண்ணுறக்கத்தில் 67 மீட்டர், ஓட்டுநர் இல்லாமலே வண்டி ஓடியிருக்கும். 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் உரிமம் பெறக்கூடிய நாடு இது. இங்கே சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

திங்கட்கிழமையின் ஜெட்டா பயணம்

வார நாளில் நள்ளிரவு முதல் 5.30 வரை தூங்கினால், உறக்கத்தின் நடுப்புள்ளி 2.45. ஞாயிறு அதிகாலை 3.30க்குப் படுத்து 11.30க்கு எழுந்தால் நடுப்புள்ளி 7.30. வேறுபாடு 4 மணி 45 நிமிடம். ஜெர்மனியின் டில் ரோனெபெர்க் குழுவினர் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் "சமூக விமானக் களைப்பு" என்று சொல்லலாம். சவுதி அரேபியாவின் ஜெட்டா நம்மைவிட 5 மணி நேரம் பின்தங்கியது. சனிக்கிழமை ஜெட்டாவுக்குப் பறந்து, திங்கள் காலை பள்ளிக்குத் திரும்பி வந்ததைப் போலத்தான் உங்கள் உடல் உணர்கிறது. முதல் பாடத்தில் தலை மேசையைத் தேடுவதில் வியப்பில்லை.

அப்படியானால் போகக் கூடாதா?

போங்கள். நண்பர்களோடு சிரிப்பது உடலுக்கும் மனத்துக்கும் தேவை. சில சிறு மாற்றங்கள் போதும்.

ஆட்டத்தை இரவு பத்துக்குப் பதில் மாலை ஆறுக்கு வைத்துப் பாருங்கள். காத்திருக்கும் இன்பம் அதனால் குறையாது. நேரம் தாமதமாகும் என்று தெரிந்தால், சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரம் உறங்குங்கள். எப்படித் திரும்புவது என்பதைப் புதன்கிழமையே முடிவு செய்யுங்கள். நண்பர்கள் பார்க்கும்போது நள்ளிரவில் எடுக்கும் முடிவைவிட, வீட்டில் தனியே அமர்ந்து எடுக்கும் முடிவு நிதானமானது. நன்றாகத் தூங்கியெழுந்த அண்ணனோ அப்பாவோ வந்து அழைத்துப் போகட்டும். முடியாவிட்டால் நண்பர் வீட்டிலேயே படுத்துவிட்டுக் காலையில் கிளம்புங்கள். ஞாயிறு காலை வழக்கத்தைவிட ஓரிரு மணி நேரத்துக்கு மேல் தாமதிக்காமல் எழுந்து, வெயிலில் சற்று நடங்கள். காலை ஒளி உங்கள் கடிகாரத்தை மீண்டும் முன்னுக்கு இழுக்கும்.

இந்த வாரம் ஒரு சிறு ஆய்வு செய்யுங்கள். ஏழு நாளும் படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்து, நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பள்ளி நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை மணி நேரம்? உலக வரைபடத்தைத் திறந்து, நீங்கள் ஒவ்வொரு வாரமும் எந்த ஊருக்குப் போய் வருகிறீர்கள் என்று பாருங்கள்.