விபத்துப் பதிவேட்டின் முதல் வரி

விருதுநகர் மாவட்டத்திற்குப் பணியாற்ற வரும் மருத்துவர்கள் அனைவரும் முதலில் கற்றுக்கொள்ளும் வட்டாரச் சொல் ஒன்று உண்டு. அது 'மருந்து'. "மருந்துல கை வச்சிருந்தாரு ஐயா, பிடிச்சுக்கிருச்சு" என்று ஒருவர் சொன்னால், அவர் மாத்திரையைக் குறிப்பிடவில்லை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் ஆகியவை சேர்ந்த பட்டாசுக் கலவைக்கே இங்கு மருந்து என்று பெயர். என் துறையின் சொல்லும் இவ்வூர்த் தொழிலின் சொல்லும் ஒன்றாக இருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மருத்துவமனையில் நான் பணியாற்றியபோது, மாலை நேரத்தில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். முகம், இரு கைகள், மார்பு வெந்திருந்தன. உடன் வந்த மனைவி, "வீட்டில் குக்கர் வெடித்துவிட்டது, ஒரு மணி நேரம்தான் ஆகிறது" என்றார். பணியிலிருந்த இளம் மருத்துவர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதினார். நோயாளியின் புருவம் கருகியிருந்தது. நகக்கண்களில் வெள்ளி நிறத் தூள் படிந்திருந்தது. குக்கரிலிருந்து வருவது நீராவி. அது புருவத்தைக் கருக்குவதில்லை. நான் அவற்றைப் பார்த்தேன். ஆயினும் அந்த நேரத்தில் கேட்காமல் விட்டேன். அது என் தவறு.

நள்ளிரவில் அவர் கால்களை அசைக்க முடியவில்லை என்றார். பிறகு கைகளும் தளர்ந்தன. இதயத் துடிப்பு சீரற்றுப் போயிற்று. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மிகவும் தாழ்ந்திருந்தது. பெருந்தீக்காயத்தில் தொடக்க மணி நேரங்களில் பொட்டாசியம் உயர்வதே வழக்கம். தாழ்வது எங்களைத் திகைக்க வைத்தது. வராந்தாவில் அமர்ந்திருந்த அவருடைய தாயாரிடம் சென்று, "அம்மா, போலீஸ்காரராக நான் கேட்கவில்லை. எதில் வெந்தார் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், மருமகளைப் பார்த்துவிட்டு, "பச்சை உப்பு ஐயா" என்றார்.

பச்சை உப்பு என்பது பேரியம் நைட்ரேட். பட்டாசில் பச்சை ஒளியைத் தருவது அதுவே. நீரில் கரையும் பேரியம் உப்புகள், வெந்த தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடலுக்குள் சென்றால், இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் பூட்டி விடுகின்றன. தசைகள் செயலிழக்கின்றன, இதயம் நின்றுபோகவும் கூடும். மருத்துவ இதழ்களில் இதைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. காரணம் தெரிந்துவிட்டால் பொட்டாசியத்தை நரம்பு வழியே செலுத்தி, இதயத்தைக் கண்காணித்து நோயாளியை மீட்கலாம். அவரும் மீண்டார். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் ஏறத்தாழ ஏழு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது.

அந்தத் தாயார் ஏன் தயங்கினார் என்பதைப் புரிந்துகொள்ள, நாட்டின் சட்ட வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்க்க வேண்டும். 2015-இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் சார்பில், மாசற்ற காற்றைக் கோரி உச்ச நீதிமன்றத்தில் மனு ஒன்று தொடுக்கப்பட்டது. அர்ஜுன் கோபால் வழக்கு என்று அறியப்படும் அதில், 2018 அக்டோபர் 23 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு பட்டாசில் பேரியம் உப்புகளையும், சரவெடிகளையும் தடை செய்தது. பசுமைப் பட்டாசுகளுக்கே இடமளித்தது. குழந்தைகளின் நுரையீரலுக்காக எடுக்கப்பட்ட முடிவு அது. மருத்துவன் என்ற முறையில் அதன் நோக்கத்தை நான் குறைகூற மாட்டேன். எனினும் எந்தச் சட்டத்திற்கும் அதை இயற்றியோர் எண்ணாத பக்கவிளைவு உண்டு. தடை செய்யப்பட்ட பொருள் எங்கேனும் கையாளப்பட்டால், அதில் வெந்தவர் அதன் பெயரை மருத்துவமனையில் சொல்ல அஞ்சுகிறார். உரிமமின்றி வீடுகளில் கருந்திரி தயாரிக்கும் ஊர்களிலும் இதே நிலைதான். அங்கெல்லாம் 'குக்கர்' வெடிக்கிறது, 'ஸ்டவ்' வெடிக்கிறது.

பொய்யான முதல் வரி சிகிச்சையை எங்கெல்லாம் பாதிக்கிறது என்பதை உடனிருப்போர் அறிந்திருத்தல் நலம். முதலாவது, நேரம். பெருந்தீக்காயம் பட்டவருக்கு முதல் நாளில் செலுத்த வேண்டிய திரவத்தில் பாதியை, காயம் பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். கணக்கு தொடங்குவது மருத்துவமனை வாசலில் அன்று, வெந்த கணத்தில். வேறு எங்கோ கொண்டு சென்று, யாரையோ கலந்து பேசி, நான்கு மணி நேரம் கழித்து வந்துவிட்டு "இப்போதுதான்" என்று சொன்னால், சிறுநீரகம் அந்தப் பொய்யின் விலையைக் கொடுக்கிறது. இரண்டாவது, இடம். மூடிய அறையில் வெந்தவரின் தொண்டை உள்ளே வீங்கும். குரல் கம்மல், சளியில் கரி ஆகியவை அதன் அறிகுறிகள். சில மணி நேரத்தில் மூச்சுக்குழல் அடைபடலாம் என்பதால் முன்கூட்டியே குழாய் பொருத்த வேண்டியிருக்கும். திறந்த வெளியில் நேர்ந்தது என்று சொன்னால் நாங்கள் அந்த எச்சரிக்கையைத் தளர்த்தி விடுவோம். மூன்றாவது, வெடித்ததா அல்லது எரிந்ததா என்பது. வெடியின் அழுத்த அலை செவிப்பறையைக் கிழிக்கும். வெளியே கீறல் இல்லாமலே நுரையீரலையும் குடலையும் நைக்கும். மாலையில் நன்றாகப் பேசியவர் விடியலில் மூச்சுத் திணறுவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

"நெருப்பே இல்லையே ஐயா, தானாகப் பற்றியது என்றால் நம்புவீர்களா?" என்று சிலர் கேட்பதுண்டு. நம்புவோம். இம்மண்ணின் வறண்ட வானிலையே தீப்பெட்டியும் பட்டாசும் இங்கு வேரூன்றத் துணைபுரிந்தது. அதே வறட்சியில் உடலிலும் உடையிலும் நிலைமின்சாரம் சேர்கிறது. நைலான் துணியின் ஒரு பொறி போதும். மழைக்காலத்தின் ஆபத்து வேறு வகையானது. அலுமினியப் பவுடர் கலந்த கலவையில் ஈரம் பட்டால், வெளித்தீ இன்றியே அது சூடேறிப் பற்றக்கூடும். இடிமின்னலைச் சொல்லவே வேண்டியதில்லை. இடிதாங்கி இல்லாத கொட்டகையில் மழைமேகம் திரண்ட பின்னும் வேலை நடப்பது, விதிக்கும் அறிவுக்கும் ஒருசேர மாறானது.

இயற்கை இடருக்கு எதிராக நாம் எழுதி வைத்தவையே விதிகள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அனுமதித்த அளவுக்கு மேல் கலவை கூடாது, அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டும் என்பவை 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தையும் 2008-ஆம் ஆண்டின் விதிகளையும் ஒட்டியவை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊரார். முதல் வெடி அடங்கிவிட்டது என்று எண்ணி அருகே செல்வதைப் போன்ற ஆபத்து வேறில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் மீண்டும் 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

அச்சன்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. காயமுற்றோருக்கான இழப்பீட்டை, உடலில் எத்தனை விழுக்காடு வெந்தது என்பதை அளவுகோலாகக் கொண்டு அது படிப்படியாக வகுத்தது. பாதிக்கும் மேல் வெந்தவருக்கு ஒரு தொகை. அதற்குக் குறைந்தவருக்கு வேறொரு தொகை. அந்த விழுக்காட்டை எழுதுபவர் யார்? அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியிலிருக்கும் மருத்துவர். பெரியவர் ஒருவரின் தலைக்கு 9, ஒவ்வொரு கைக்கும் 9, ஒவ்வொரு காலுக்கும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, பிறப்புறுப்புப் பகுதிக்கு 1 என்று நாங்கள் கணக்கிடுகிறோம். சிதறிய காயங்களுக்கு நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையே ஏறத்தாழ 1 விழுக்காடு. உங்கள் உறவினரின் கோப்பில் அந்த எண் எழுதப்பட்டுள்ளதா என்று எங்களிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நாங்கள் அதைத் தவறாக எண்ண மாட்டோம்.

'குக்கர்' என்று எழுதப்பட்டால் இந்த வழியெல்லாம் அடைபடுகிறது. பணியின்போது, பணியின் காரணமாக ஏற்பட்ட காயத்திற்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வரும் கொள்கை. அதற்கு முதலாளியின் தவறை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் காயம் பணியில்தான் நேர்ந்தது என்பதற்கு முதல் ஆவணம், மக்கள் 'ஏ.ஆர். காப்பி' என்று சொல்லும் விபத்துப் பதிவேட்டின் நகல்தான். "செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், குக்கர் என்று சொல்லிவிடு" என்று அன்று சொன்னவர், தோல் ஒட்டு அறுவை முடிந்து மூன்றாம் மாதம் தொலைபேசியை எடுப்பதில்லை. இதை நான் ஒருமுறை அன்று, பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தீக்காய வழக்குகளைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை. உண்மையைச் சொன்னால் வழக்கே வராது என்று நான் உறுதியளிக்க இயலாது. ஆனால் காவலர் வரும்வரை சிகிச்சை காத்திராது. உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பின்னரே என்று 1989-இல் பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உண்மை சொன்னதற்காக எந்த மருத்துவரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்போர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களும், தொழிற்சாலைத் தொழிலாளர்களும், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டோரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள்.

வீட்டிலோ ஆலையிலோ யாருக்கேனும் தீக்காயம் பட்டால், ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் குளிர்வியுங்கள். மோதிரம், வளையல், மெட்டியை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். பற்பசை, மை, நெய், பனிக்கட்டி எதுவும் வேண்டா. தூய பருத்தித் துணியால் மூடி அழைத்து வாருங்கள். வரும் வழியில், எந்தக் கலவை, எத்தனை மணிக்கு, அறைக்குள்ளா வெளியிலா என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால், பதற்றத்தில் மறந்துபோகாது.

அந்த நோயாளியின் மனைவி, சில வாரங்கள் கழித்து ஏ.ஆர். நகல் கேட்டு வந்தார். முதல் வரியில் குக்கர் என்றே இருந்தது. பதிவேட்டில் எழுதியதை அழிக்க எவருக்கும் உரிமை இல்லை. அதன் கீழே, மறுநாள் விடியற்காலையில் அவருடைய மாமியார் சொன்னதை, நேரத்தோடும் என் கையொப்பத்தோடும் பிற்சேர்க்கையாக எழுதியிருந்தேன். அவர் அந்த வரியை இருமுறை படித்தார். "இது செல்லுமா சார்?" என்று கேட்டார். இரண்டு வரிகளையும் வைத்துக்கொண்டு வழக்கறிஞர் விளக்க வேண்டியிருக்கும் என்றேன். நகலை மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு, கணவருக்குப் பிசியோதெரபி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுச் சென்றார்.