சிலந்திக்கு ஒரு வீரர் பெயர்

வலை பின்னாமல், சுவரில் பதுங்கிச் சென்று ஈயின் மேல் பாயும் சின்னஞ்சிறு சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். ஊர்ப்பக்கம் இதை ஈப்புலி என்பார்கள். இந்தத் தாவும் சிலந்திகளில் ஒன்று, மும்பைப் போலீஸ்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

2008 நவம்பர் 26 இரவு, கிர்காம் சௌபாத்தியில் பயங்கரவாதி கசாபின் துப்பாக்கிக் குழலை வெறுங்கையால் பற்றிக்கொண்டவர் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே. குண்டுகள் துளைத்தும் பிடியை விடவில்லை. அவர் உயிர் நீத்தார். கசாப் உயிரோடு பிடிபட்டான். 2009-ல் அவருக்கு அசோகச் சக்கர விருது அறிவிக்கப்பட்டது. 2021-ல் துருவ் பிரஜாபதியும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும், தாணா பக்கம் கிடைத்த புதிய சிலந்திக்கு 'ஐசியஸ் துக்காராமி' என்று பெயரிட்டார்கள்.

இரட்டைப் பெயர் எதற்கு? மராட்டியர் வழக்கப்படி மஸ்டர் ரோலில் குடும்பப் பெயர் முதலிலும் சொந்தப் பெயர் பின்னாலும் வருமல்லவா? இனிஷியலோடு வந்த நமக்கு அந்தக் கட்டத்தை நிரப்புவதே ஒரு தொல்லை! சிலந்திக்கும் அதே முறைதான். 'ஐசியஸ்' என்பது பேரினம். 'துக்காராமி', அதாவது துக்காராமுடையது, அதன் சொந்தப் பெயர்.

ஐசியஸ் பேரினத்தை 1876-ல் வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் சிமோன். மத்தியதரைக் கடலோர நாடுகள், ஆப்பிரிக்கா, ஆசியா என்று இதன் உறவுகள் பரவிக் கிடக்கின்றன.

உலகில் தாவும் சிலந்திகள் மட்டும் ஆறாயிரம் வகைக்கு மேல். எல்லாவற்றுக்கும் எட்டுக் கண்கள். முன்னால் இரண்டு பெரியவை. நிறத்தை நம்பி இனம் பிரிக்க முடியாது. ஒரே இனத்தில் ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறமாக இருப்பதுண்டு. வாயருகே ஆணுக்கு உள்ள உணர்கொம்பையும், பெண்ணின் இனப்பெருக்க உறுப்பையும் நுண்ணோக்கியில் பார்த்தே புதியதா, பழையதா என்று தீர்மானிக்கிறார்கள்.

ஆராய்ச்சி வளரும்போது ஒரு சிலந்தியைப் பேரினம் விட்டுப் பேரினம் மாற்றுவது சகஜம். அப்போது முன்பெயர் மாறும். பின்பெயர் கூடவே போகும். அதே சிலந்திக்கு முன்னரே வேறு பெயர் இட்டிருந்தாலொழிய அதை யாரும் நீக்க முடியாது.

சாலைக்கும் சதுக்கத்துக்கும் இட்ட பெயர்களை மாற்ற ஓர் உத்தரவு போதும். துக்காராமியை மாற்ற எந்த உத்தரவும் செல்லாது. சுவரில் ஒரு ஈப்புலி தென்பட்டால் துடைப்பத்தைச் சற்றே கீழே வையுங்கள்.