மாற்று நுரையீரலும் மூச்சுக்காற்றும்

வகுப்பில் ஸ்டோக்ஸ் விதியை நடத்திக்கொண்டிருந்தேன். பாய்மத்தில் ஒரு சிறு கோளம் எவ்வளவு மெதுவாக விழும் என்பது பாடம். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "எங்கள் பெரியப்பாவுக்குச் சென்னையில் நுரையீரல் மாற்றியிருக்கிறார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வரவேண்டும் என்கிறார். பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டைத் திறந்து அவரைத் தங்க வைக்கலாமா?" என்று கேட்டாள். பள்ளத்தூரில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் பூசண வாடை நமக்கு இரண்டு தும்மலோடு போய்விடும். அவருக்கு அப்படிப் போகாது. காரணத்தை அன்றைய பாடத்திலிருந்தே தொடங்கலாம்.

ஈரச் சுவரிலும் வைக்கோலிலும் மட்கும் சருகிலும் வளரும் அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் ஏறத்தாழ 3 மைக்ரான் குறுக்களவு உடையவை. ஸ்டோக்ஸ் விதிப்படி, அசையாத காற்றில் அவை ஒரு மீட்டர் இறங்கவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். வளவைப் பெருக்கி முடித்து நெடுநேரம் ஆன பின்னும் மிதந்துகொண்டிருக்கும். பெரிய தூசியை மூக்கு பிடித்துக்கொள்ளும். இவை காற்றறைகள் வரை செல்லும். நாமோ மூச்சுக்கு அரை லிட்டர், நிமிடத்துக்கு 15 மூச்சு என்று நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறோம். மாற்றிப் பொருத்திய இதயத்தை வெளிக்காற்று தீண்டுவதில்லை. நுரையீரலுக்கு அந்த மறைவு கிடையாது.

இயற்கை வைத்த காவலும் அறுவையில் குலைகிறது. கொடையாளியின் நுரையீரலை எடுக்கும்போது நரம்புகள் அறுபடுவதால், இணைப்புக்குக் கீழே சளி தேங்கினாலும் இருமல் சரியாக எழுவதில்லை. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் சுணங்குகின்றன. போதாததற்கு, அயலுறுப்பை உடல் எதிர்க்காதிருக்க டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். நோய் எதிர்ப்பாற்றலையே தணிப்பவை அவை. பாக்டீரியா, பூஞ்சை, சைட்டோமெகலோ வைரஸ், நம் நாட்டில் காசநோய்க் கிருமி என எதுவும் நுழையலாம்.

1963இல் அமெரிக்காவின் ஜாக்சன் நகரில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதல் மனிதருக்கு நுரையீரல் மாற்றினார். நோயாளி 18 நாள் வாழ்ந்தார். பின்னர் இருபது ஆண்டுகள் ஏமாற்றமே. மூச்சுக்கிளைக்குழலை இணைத்த இடம் ரத்தம் போதாமல் ஆறாது போயிற்று. 1983இல் டொரான்டோவில் ஜோயல் கூப்பரின் குழு செய்த அறுவைதான் நோயாளிக்குப் பல ஆண்டு வாழ்வைத் தந்தது. சென்னையில் இன்று இது நடக்கிறது. 2020 ஆகஸ்டில் கோவிட் நோயால் நுரையீரல் பழுதான ஒருவருக்கு எம்.ஜி.எம். மருத்துவமனையில் இரண்டு நுரையீரல்களையும் மாற்றினார்கள்.

மருத்துவருக்கு வரும் பெரிய சிக்கல் வேறு. மூச்சு வாங்குகிறது, லேசான காய்ச்சல். இது கிருமித் தொற்றா, உடலின் எதிர்ப்பா? வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சிகிச்சையோ நேரெதிர். எதிர்ப்பானால் தணிப்பு மருந்தைக் கூட்ட வேண்டும். தொற்றுக்கு அப்படிக் கூட்டினால் ஆபத்து. அதனால்தான் உள்நோக்கிக் குழாயைச் செலுத்திச் சளியையும் திசுத்துணுக்கையும் எடுத்துச் சோதிக்கிறார்கள்.

மெல்ல வரும் எதிர்ப்பு இன்னும் வஞ்சகமானது. நுண்ணிய மூச்சுக்குழல்களில் தழும்பு படிந்து துவாரம் சுருங்கும். ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது வருகிறது. பாய்சொய் விதி நினைவிருக்கிறதா? ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு! இதைக் கண்டுகொள்ள ஒரு கைக்கருவி போதும். ஆழ மூச்சிழுத்து வேகமாக ஊதினால், முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவைக் காட்டும். நாள்தோறும் ஊதி நோட்டில் குறித்துவர வேண்டும். வழக்கத்தைவிடப் பத்து விழுக்காடு குறைந்து இரண்டு நாள் நீடித்தால், இருமலோ காய்ச்சலோ இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "திருவிழாவுக்கு வரலாமா என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும். வந்தால், ஆள் புழங்கும் வீட்டில் தங்கட்டும். பூட்டிய வீட்டைத் திறந்து தூசி தட்டும்போது அவர் அந்தப் பக்கமே வர வேண்டாம். ஊதும் கருவியைப் பெட்டியில் எடுத்துவைக்கச் சொல்."